சூரியனில் மாதா தெரிந்தாரா? மலையோரக் கேரளத்தில் 'காட்சி' செய்திகள் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகின்றன?

எருமேலி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஞாபகம் வருவது பேட்டைத் துள்ளலும் வாவர் பள்ளிவாசலும்தான். சபரிமலைக்கு மாலை போட்டுப் போனவர்கள் அந்தக் கடைத்தெருவை மறக்க மாட்டார்கள். 2008 மார்ச் மாதம் அதே ஊர் வேறு ஒரு காரணத்துக்காக உலகச் செய்தியானது.

எருமேலியில் ஒரு வீட்டில் இருந்த மாதா சொரூபங்களிலிருந்து தேனும் எண்ணெயும் வாசனைத் திரவியமும் வழிவதாகப் பேச்சு கிளம்பியது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில் நின்று சூரியனைப் பார்த்தால் அதில் மாதா தெரிகிறார் என்று அடுத்த பேச்சு. ஜனம் திரண்டது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தார்கள். சில நாட்களில் காஞ்ஞிரப்பள்ளியில் உள்ள ஒரே ஒரு கண் மருத்துவமனையில் மட்டும் 48 பேர் பார்வைப் பாதிப்போடு வந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள், சிறுமிகள் என்று அப்போது வந்த செய்திகள் கூறின.

சுகாதாரத் துறை எச்சரிக்கைப் பலகை வைத்தது. கிறிஸ்தவத் திருச்சபைகளே 'இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று ஒதுங்கிக்கொண்டன. அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், சூரியனைப் பார்த்தார்கள்.

ஏன்? 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை எதையும் விளக்குவதில்லை. கேரளம் எழுத்தறிவில் நாட்டிலேயே முன்னணியில் இருக்கும் மாநிலம். கோட்டயம் மாவட்டம் அந்தக் கேரளத்திலேயே முன்னணியில் இருப்பது; 1989-இலேயே கோட்டயம் நகரம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எருமேலியில் நின்று சூரியனைப் பார்த்த பெண்களில் பலர் பள்ளி, கல்லூரி போகும் வயதினர். ஒளிவிலகல் பாடம் படித்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரை 'மாதா தெரிந்தாரா, இல்லையா' என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அது நம்பிக்கை சார்ந்த விஷயம். இங்கே கேள்வி வேறு: இப்படி ஒரு செய்தி ஓர் ஊரில் விழுந்ததும் தீப்போலப் பற்றுகிறது, இன்னோர் ஊரில் அணைந்துபோகிறது. பற்றும் இடத்தில் அப்படி என்ன இருக்கிறது?

சூரியனை ஏன் பார்த்தார்கள்?

முதலில் இந்தச் சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரிய கேள்விக்கான சாவி இதில்தான் இருக்கிறது. மாதா மரத்தில் தெரிந்திருக்கலாம். கிணற்றில், சுவரில், மேகத்தில் தெரிந்திருக்கலாம். ஏன் சூரியனில்?

பதில் போர்ச்சுக்கல்லில் இருக்கிறது. 1917 மே மாதம் தொடங்கி, ஃபாத்திமா என்ற ஊரில் ஆடு மேய்த்த மூன்று குழந்தைகள் (10 வயது லூசியா, 9 வயது பிரான்சிஸ்கோ, 7 வயது ஜெசிந்தா) மாதாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த அக்டோபர் 13-ஆம் தேதி அங்கே பல்லாயிரம் பேர் கூடினார்கள். சூரியன் சுழன்றது, நிறம் மாறியது, கீழே விழுவது போல வந்தது என்று அவர்களில் பலர் சாட்சி சொன்னார்கள். கத்தோலிக்க உலகில் இந்தக் கதை தெரியாத குடும்பம் அபூர்வம். மறைக்கல்வி வகுப்பில் சொல்லப்படுகிறது, ஜெபமாலைப் புத்தகத்தில் அச்சாகிறது, கெபியில் சிலையாக நிற்கிறது. 1981-க்குப் பிறகு போஸ்னியாவின் மெட்ஜுகோரியேயிலும் சூரியன் ஆடுவதாக யாத்திரிகர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

ஆக, எருமேலிக்கு வந்தவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருந்தது. மாதா வந்தால் வானத்தில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்த்தவர்களுக்கு ஏதோ தெரிந்தது என்பதும் பொய்யில்லை. சூரியனை உற்றுப் பார்த்தால் சில நொடிகளில் விழித்திரையில் நிறம் உணரும் செல்கள் களைத்துப்போகும். வட்டத்தின் நிறம் மாறும், ஓரம் துடிக்கும், கண்ணின் சிறு அசைவுகளால் சூரியனே ஆடுவது போல இருக்கும். பார்வையைத் திருப்பினாலும் ஓர் உருவம் கண்ணுக்குள் மிதக்கும். அந்த மிதக்கும் திட்டு வெறும் திட்டா, முக்காடிட்ட ஒரு பெண்ணா என்பதைக் கண் முடிவு செய்வதில்லை. பக்கத்தில் நிற்கும் அக்கா 'தெரியுதா, நீலச் சேலை தெரியுதா?' என்று கேட்கும்போது முடிவாகிறது.

ஸ்பெயினில் நடந்த காட்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் வில்லியம் கிறிஸ்டியன் இந்தக் கேள்விகளைத்தான் கூர்ந்து கவனித்தார். 1931-இல் பாஸ்க் பகுதியில் எஸ்கியோகா என்ற ஊரில் இரண்டு குழந்தைகள் மாதாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். விரைவில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கானது. குருக்கள், பத்திரிகையாளர்கள், ஜனங்கள் எல்லாரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். கேட்ட கேள்விகளுக்கு ஏற்பக் காட்சிகளும் மாறிக்கொண்டே வந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஸ்பெயினில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்திருந்தது, கத்தோலிக்கர்கள் பயந்துபோயிருந்தார்கள். குழந்தைகள் பார்த்தது என்னவோ, கூட்டம் கேட்க விரும்பியது 'நாடு என்ன ஆகும்' என்பதைத்தான். பார்ப்பவர் ஒருவர், காட்சியை உருவாக்குவது பலர் என்பது அவருடைய வேலையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய முக்கியமான விஷயம்.

இந்த மலையில் யார் இருக்கிறார்கள்?

எருமேலியிலிருந்து முண்டக்கயம் வழியாக மேலே ஏறினால் குட்டிக்கானம், பீர்மேடு. இடுக்கி மாவட்டம் தொடங்கிவிடும். வடக்கே போனால் பாலக்காடு மாவட்டத்தின் மலையோரம்: நென்மாறை, வடக்கஞ்சேரி, மண்ணார்க்காடு, அட்டப்பாடி. இந்த இரண்டு பகுதிகளுக்கும் ஒரு பொதுவான வரலாறு உண்டு. கேரளத்தில் இதற்குப் பெயர் 'குடியேற்றம்'.

1920-களில் தொடங்கி, பாலா, காஞ்ஞிரப்பள்ளி, மூவாற்றுப்புழை பக்கத்துச் சிரியன் கத்தோலிக்க விவசாயிகள் நிலம் தேடி மலை ஏறினார்கள். சொந்த ஊரில் நிலம் போதவில்லை, குடும்பம் பெரிது. ஒரு கூட்டம் வடக்கே மலபாருக்குப் போனது; அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, பாலக்காடு உட்பட. இன்னொரு கூட்டம் கிழக்கே இடுக்கியின் ஹைரேஞ்சுக்கு ஏறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிப் பஞ்சம் வந்தபோது திருவிதாங்கூர் அரசே உணவுப் பயிர் வைக்கச் சொல்லிக் காட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. 1950-களில் அரசே காலனிகளை அமைத்துக் குடியேற்றியது.

போனவர்களுக்குக் காத்திருந்தது மலேரியா, யானை, காட்டுப்பன்றி. மலபார் பக்கம் நிறைய பேர் காய்ச்சலில் செத்தார்கள். அந்தக் குடியேற்றத்தைப் பற்றி எஸ்.கே. பொற்றேக்காட் எழுதிய மலையாள நாவலின் பெயரே 'விஷகன்யகா'. மண்ணே விஷப்பெண்ணாக மாறிக் கொல்லும் கதை.

அரசு அந்த மலைக்கு வந்து சேர ரொம்ப நாளானது. முதலில் போட்டது ஓலை வேய்ந்த கோவில்தான். பள்ளிக்கூடம், மருந்தகம், ரோடு கேட்டு மனு எழுதுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் பங்குத்தந்தையின் வேலை. பிறகு மறைமாவட்டங்கள் வந்தன: பாலக்காடு 1974-இல், காஞ்ஞிரப்பள்ளி 1977-இல், இடுக்கி 2003-இல். தேதிகளைப் பாருங்கள். ஜனம் போய் இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகுதான் ஆயர் வருகிறார்.

இன்னொன்று, நிலத்தின் பயம். இது தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. 1961-இல் இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொண்டுபோய் இறக்கினார்கள், கொட்டும் மழையில். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே போய் உண்ணாவிரதம் இருந்தார்; அவரோடு கம்யூனிஸ்ட் எதிர்ப்பாளரான வடக்கன் என்ற கத்தோலிக்கக் குருவும் சேர்ந்துகொண்டார். இன்றைக்கும் இடுக்கியில் தேர்தல் என்றால் முதல் வாக்குறுதி பட்டா. வனத்துறை, வருவாய்த்துறை, நீதிமன்றம், கஸ்தூரிரங்கன் அறிக்கை என்று ஒன்று மாற்றி ஒன்று. வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, காகிதம் இல்லை.

இப்படிப்பட்ட ஓர் இடத்தில் 'மாதா இங்கே வந்தார்' என்ற செய்தி என்ன செய்கிறது? அந்த இடத்துக்கு ஒரு முகவரி கொடுக்கிறது. வேளாங்கண்ணிக்கோ மலையாற்றூருக்கோ நாம் போக வேண்டும் என்ற நிலை மாறி, மற்றவர்கள் நம்மூருக்கு வருகிறார்கள். புதிதாகக் குடியேறிய மண் புனித மண் ஆகிறது. வில்லியம் கிறிஸ்டியன் ஆராய்ந்த 15, 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் காட்சிகளிலும் இதே அமைப்பு உண்டு. அவை பெரும்பாலும் ஊர் நடுவில் உள்ள கோவிலில் நடக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில், ஊற்றங்கரையில், ஊர் எல்லையில் நடந்தன. வேளாங்கண்ணிக் கதையை நினைத்துப் பாருங்கள். பால் கொண்டுபோன இடையச் சிறுவன், குளக்கரை, ஆலமரம்; மோர் விற்ற கால் ஊனமுற்ற பையன். அங்கேயும் கோவில் பிறகுதான் வருகிறது.

மலை உச்சிச் சிலுவையும் இதே இலக்கணத்தில் வருவதுதான், ஆனால் அதன் கதை கொஞ்சம் கசப்பானது. 2017 ஏப்ரலில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் அருகே பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நிறுவப்பட்டிருந்த பெரிய சிலுவையை தேவிகுளம் சப்-கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன் எடுத்த நடவடிக்கையில் வருவாய்த்துறையினர் அகற்றினார்கள். அதை நிறுவியது 'ஸ்பிரிட் இன் ஜீசஸ்' என்ற தனி ஜெபக்குழு. கத்தோலிக்கத் திருச்சபையின் அமைப்பு அல்ல. சிலுவையை இடித்த விதத்தை முதலமைச்சர் பினராயி விஜயனே கண்டித்தார். 2025 மார்ச்சில் பருந்தும்பாறையில் ஆக்கிரமிப்பு என்று அடையாளம் காணப்பட்ட ரிசார்ட் நிலத்தில் திடீரென ஒரு சிலுவை முளைத்தது, அதையும் அகற்றினார்கள். இவை காட்சிகள் அல்ல. யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மலையில் புனிதச் சின்னமும் பட்டாவும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

'கஷ்டம் வந்தது, மாதா வந்தார்' என்று சொல்லிவிடலாமா?

சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. நிறைய பேர் சொல்லியும் இருக்கிறார்கள். ஜெர்மானிய உதாரணம் பிரபலம்: 1876 ஜூலையில் சார்லாந்தின் மார்ப்பிங்கன் கிராமத்தில் மூன்று எட்டு வயதுச் சிறுமிகள் மாதாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். பிஸ்மார்க் அரசு கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. குருக்கள் சிறையில், பல பங்குகளில் பூசை வைக்க ஆளில்லை. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிய, அரசு ராணுவத்தை அனுப்பிக் கூட்டத்தைக் கலைத்தது. வரலாற்றாய்வாளர் டேவிட் பிளாக்போர்ன் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பொருளாதார மந்தம், அரசு அடக்குமுறை, குடும்ப நிலைமை எல்லாவற்றையும் அதில் அடுக்குகிறார்.

ஆனால் எருமேலியில் இந்தக் கணக்கு இடிக்கிறது. காஞ்ஞிரப்பள்ளி வட்டாரம் ரப்பர் பூமி. 2000-களின் தொடக்கத்தில் அடிமாட்டு விலைக்குப் போன ரப்பர், 2008 மார்ச்சில் நல்ல விலைக்கு ஏறியிருந்தது. கஷ்டம்தான் காரணம் என்றால் மாதா ஏழெட்டு வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டும். அரசு ஒடுக்குமுறையும் அங்கே இல்லை. கஷ்டத்தில் இருந்த எத்தனையோ ஊர்களில் எந்தக் காட்சியும் நடக்கவில்லை. மிளகு விலை சரிந்து விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட ஊர்களிலும் நடக்கவில்லை.

சமூக விளக்கத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: அது கேட்க ரொம்ப நன்றாக இருக்கும், அதனாலேயே யாரும் சரிபார்க்க மாட்டார்கள். மார்ட் பாக்ஸ் என்ற டச்சு மானுடவியலாளர் மெட்ஜுகோரியே பற்றி எழுதியது பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஊரில் குலங்களுக்குள் 'சின்னப் போர்' நடந்து 140 பேர் செத்ததாக எழுதியிருந்தார். காட்சிக்குப் பின்னால் குலச்சண்டை, ரத்தம். பிரமாதமான விளக்கம். ஆனால் அப்படி ஒரு போரே நடக்கவில்லை. 2013-இல் அவர் பணியாற்றிய ஆம்ஸ்டர்டாம் சுதந்திரப் பல்கலைக்கழகம் (வ்ரையே யுனிவர்சிடைட்) அமைத்த குழு, அவர் கடுமையான அறிவியல் முறைகேட்டில் ஈடுபட்டார் என்று அறிக்கை கொடுத்தது. காட்சியை நம்பியவர்களைக் கேலி செய்தவர்கள், பேராசிரியர் சொன்னதை மட்டும் சாட்சி கேட்காமல் நம்பியிருந்தார்கள்.

எனவே கஷ்டம் என்பது விறகு மாதிரி. விறகு மட்டும் தானாக எரியாது. ஏற்கெனவே தெரிந்த கதை வேண்டும், அந்தக் கதையைச் சொல்லும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளைச் சுற்றிக் கூடும் ஜெபக்கூட்டம் வேண்டும். கேரளத்தில் கடைசி இரண்டையும் 1970-களுக்குப் பிறகு வந்த கரிஸ்மாட்டிக் இயக்கம் ஏராளமாக உருவாக்கியது. சாலக்குடிப் பக்கம் போட்டா, முரிங்ஙூர் தியான மையங்கள், பாலக்காட்டு அட்டப்பாடியில் செஹியோன், இடுக்கியில் ஆனக்கரை. தியானம் முடித்து வந்தவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்லலாம், 'ஆண்டவர் எனக்குக் காட்டினார்' என்று பேசலாம். எருமேலியிலும் கதை கோவிலில் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு வீட்டில் தொடங்கியது.

பெண்களுக்கே அதிகம் தெரிவது ஏன்?

லூர்தில் பெர்னதெத்துக்கு வயது 14. மார்ப்பிங்கனில் சிறுமிகள். ஃபாத்திமாவில் மூவரில் இருவர் சிறுமிகள். மாதாவோடு பேசியது லூசியா மட்டும். எருமேலியில் கண் கெட்டவர்களிலும் பெண்களே அதிகம். 'பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்கள்' என்ற பழைய பாட்டை விடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பெண் குருவாக முடியாது, பலிபீடத்தில் நின்று மறையுரை ஆற்ற முடியாது. ஆனால் மாதா நேரடியாக அவளோடு பேசிவிட்டால் குருவானவரே அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதை நேரில் இருந்து ஆராய்ந்தவர் கிறிஸ்டின் புளூமர். மாதா தங்கள் மேல் இறங்குவதாகச் சொன்ன மூன்று தமிழ்ப் பெண்களோடு பல ஆண்டுகள் பழகி எழுதிய அவருடைய புத்தகம் 2018-இல் வந்தது. நம்மூரில் அம்மன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தப் பக்கங்கள் அந்நியமாக இருக்காது. சாமி வந்தவளிடம் மாமியாரும் கை கட்டித்தான் நிற்பாள்.

கேரளத்துக்குள்ளேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. திருச்சூர் மாவட்டம் புத்தன்சிறையில் 1876-இல் பிறந்த மரியம் திரேசியா. சிறுவயதிலிருந்தே காட்சிகள், பிறகு உடம்பில் ஐந்து காயங்கள். ஊர் பயந்தது. ஆயர் ஜான் மேனாச்சேரி, இது பேயின் வேலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுப் பேயோட்டும் சடங்குக்கு உத்தரவிட்டார். 1902 முதல் 1905 வரை அது திரும்பத் திரும்ப நடந்தது. அந்தப் பெண் பணிந்துபோனார், ஆனால் பின்வாங்கவில்லை. 1914-இல் அதே ஆயரின் அனுமதியோடு திருக்குடும்ப சபையைத் தொடங்கினார். 2019 அக்டோபர் 13-ஆம் தேதி வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

பேய் பிடித்தவள் என்று சந்தேகிக்கப்பட்டவரும் பீடத்தில் படமாக நிற்கிறவரும் ஒரே பெண்தான். நடுவில் மாறியது எது? அவருக்கு விதயத்தில் ஜோசப் என்ற ஆன்மகுரு கடைசிவரை துணை நின்றார். அவர் ஆயரை எதிர்த்து ஒரு கூட்டத்தைத் திரட்டவில்லை. அவருடைய காட்சி ஒரு நிறுவனமாக, நோயாளிகளைப் பார்க்கும் ஒரு துறவுசபையாக மாறியது. காட்சி காணும் பெண்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு குரு வாய்ப்பதில்லை. பலர் கொஞ்ச நாள் கூட்டம் பார்த்துவிட்டு, ஆயரின் ஒரு சுற்றறிக்கையில் காணாமல் போகிறார்கள்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் இதில் எங்கே?

கேரளக் கத்தோலிக்கர் என்றால் ஒரே கூட்டம் இல்லை. சீரோ மலபார், சீரோ மலங்கரை, லத்தீன் என்று மூன்று வழிபாட்டு முறைகள், மூன்று நிர்வாகங்கள். நிலம் வைத்திருக்கும் குடியேற்ற விவசாயி பெரும்பாலும் சீரோ மலபார். மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களில் இருக்கும் தமிழர்கள் லத்தீன் முறை, விஜயபுரம் மறைமாவட்டம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை என்ற தனி மறைமாவட்டம் கிடைத்தது. அதுவரை அவர்களில் பலர் கோயம்புத்தூரின் கீழ் இருந்தார்கள்.

எஸ்டேட் தமிழர்களுக்கு நிலம் கிடையாது, லயம் கம்பெனியுடையது. அவர்களுடைய மாதா மலையில் புதிதாகத் தோன்ற வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கெனவே வேளாங்கண்ணியில் இருக்கிறார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு மஞ்சளோ காவியோ உடுத்திக் கிளம்பிவிடுவார்கள். என் கணிப்பைச் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்: புதிய காட்சிக்கான பசி, வேர்விட முயலும் குடியேறிக்கு இருக்கும் அளவுக்கு, ஊருக்குத் திரும்பும் நினைப்போடு வாழும் கூலித்தொழிலாளிக்கு இருப்பதில்லை.

திருச்சபை என்ன செய்கிறது?

பொதுவாக நினைப்பதற்கு மாறாக, காட்சிச் செய்தி வந்தால் முதலில் முகம் சுளிப்பது ஆயர் இல்லம்தான். 2024 மே 17 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை புதிய விதிமுறைகளை வெளியிட்டது. 1978-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. இனி ஓர் ஆயர் 'இது இயற்கைக்கு அப்பாற்பட்டது' என்று தானாக அறிவிக்க முடியாது. வத்திக்கானைக் கேட்டு ஆறு வகைத் தீர்ப்புகளில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். அதில் அதிகபட்சச் சாதகமான தீர்ப்பே 'தடையில்லை' என்பதுதான். யாராவது பணம், பதவி, புகழ் தேடுகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்பதும் விதியிலேயே உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் அதே துறை தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய கடிதத்தில் வேளாங்கண்ணி பக்தியை, அங்கே வரும் இந்து, முஸ்லிம் யாத்திரிகர்களையும் சேர்த்து, பாராட்டியிருந்தது. பழைய தலத்துக்குப் பாராட்டு, புதிய செய்திக்குப் பொறுமை.

பொறுமை எவ்வளவு என்பதற்குக் கண்ணூர் மாவட்டம் விளக்கன்னூர் சாட்சி. அதுவும் மலபார்க் குடியேற்றப் பகுதிதான். 2013 நவம்பர் 15 அன்று அங்கே கிறிஸ்து அரசர் ஆலயத்தில் பூசையின்போது எழுந்தேற்றம் செய்த அப்பத்தில் இயேசுவின் முகம் தெரிந்ததாகச் சொன்னார்கள். கூட்டம் கூடியது. தலச்சேரி உயர்மறைமாவட்டம் அந்த அப்பத்தை எடுத்துப் பாதுகாத்தது. விசாரணை, ஆய்வு என்று ஆண்டுகள் ஓடின. வத்திக்கானின் ஏற்பு அங்கே அறிவிக்கப்பட்டது 2025 மே 31 அன்று. ஏறத்தாழ பதினொன்றரை வருஷம். முகம் தெரிவதற்கு மூளையறிவியலில் வேறு விளக்கம் உண்டு: புள்ளிகளிலும் மேகத்திலும் முகம் தேடுவது மனித மூளையின் பிறவிக் குணம். நம்புகிறவர்கள் அந்த விளக்கத்தைத் தெரிந்துகொண்டே நம்புகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எருமேலிக்கும் விளக்கன்னூருக்கும் வித்தியாசம் இதுதான். ஒன்று தனியார் வீடு, இன்னொன்று பலிபீடம். ஒன்றில் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இன்னொன்றில் பார்க்க வேண்டிய பொருளையே பூட்டி வைக்க ஓர் அதிகாரம் இருந்தது. சூரியனை யாரும் பூட்ட முடியாது.

விளக்கம் சொன்னவருக்கு என்ன ஆனது?

2012 மார்ச்சில் மும்பை வில்லே பார்லேயில், இர்லா பகுதியில் ஓர் ஆலயச் சிலுவையின் பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கேரளத்தைச் சேர்ந்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, அடைத்துக்கொண்ட வடிகாலிலிருந்து ஈரம் சுவர் வழியே மேலேறி வருகிறது என்று விளக்கினார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையையும் கடுமையாக விமர்சித்தார். மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் புகார்கள் பாய்ந்தன. அவர் அந்த ஆண்டே பின்லாந்துக்குப் போனார். அந்தப் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற எண்ணில் அப்படியே இருக்கிறது.

இது கத்தோலிக்கர்களுக்கு மட்டுமான கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டிலும் வரிசை நின்றது. 2006 ஆகஸ்டில் மும்பை மாஹிமில் கடல் தண்ணீர் இனிக்கிறது என்று குழந்தைகளுக்கும் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டுமே ஒன்றிரண்டு நாளில் முடிந்தன. எருமேலியில் முடியாமல் போனது சிலருடைய கண்ணில்தான்.

விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சேதம் நடப்பது உடனே உறைப்பதில்லை. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு உட்காரும். எதிரே இருப்பவரின் காது தெரியும், முகம் தெரியாது. நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்று இதற்கு எதுவும் இல்லை. பலருக்குச் சில மாதங்களில் ஓரளவு தெளிகிறது, சிலருக்குத் திட்டு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சன்கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், ஜெபமாலையைக் கண்முன் பிடிப்பது எதுவுமே பாதுகாப்பு இல்லை. அப்படிப் பார்த்துவிட்டவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், வீட்டில் திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். எழுத்துகள் வளைந்து தெரிகின்றன, நடுவில் மறைக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். என்ன தெரிந்தது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.